அறுபத்து நான்கு ஒன்றுகளால் ஆன எண்

18446744073709551615 என்னும் இருபது இலக்க எண், 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பதாகும். நம் வழக்கப்படி படித்தால் அது 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615 ஆகும். இத்தகைய எண்ணைக் காண்பவர் அதன் அளவைக் கண்டே வியப்பர். ஆனால் முழு எண்களின் பண்புகளை ஆராயும் எண் கோட்பாடு அளவைப் பொருட்படுத்துவதில்லை. ஓர் எண் எந்தெந்த எண்களால் மீதியின்றி வகுபடும், எந்த எண்களோடு அதற்குப் பொதுக் காரணி உண்டு, வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக அதை எழுத முடியுமா என்பனவே அந்தத் துறையின் கேள்விகள். அவ்வகையில் பார்த்தால், அளவால் மட்டுமே புகழ்பெற்ற இந்த எண்ணின் உண்மையான சிறப்பு அதன் காரணிகளில்தான் அடங்கியிருக்கிறது என்பதும், கடந்த நான்கு நூற்றாண்டுகளின் கணித வரலாற்றில் கணிசமான பகுதியை அந்தக் காரணிகளைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பதும் விளங்கும்.

எண்ணின் புகழுக்குக் காரணம் நன்கு அறிந்ததே. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு தானியமணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து வேண்டிய மணிகளின் எண்ணிக்கை இதுவே. பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 1883-இல் வெளியிட்ட ஹனோய் கோபுரம் என்னும் புதிரில், 64 வட்டுகளை ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு விதிப்படி மாற்றுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச நகர்த்தல்களும் இத்தனையே. நொடிக்கு ஒரு நகர்த்தல் என்று இடைவிடாமல் செய்தாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவை எண்ணின் பருமனை உணர்த்துகின்றனவே அன்றி அதன் இயல்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இயல்பை அறிய, எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க வேண்டும். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுகின்ற, ஒன்றைவிடப் பெரிய எண்ணே பகா எண்; ஒன்றைவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணும் ஒன்று பகா எண்ணாக இருக்கும், அல்லது பகா எண்களின் பெருக்கற்பலனாக ஒரே ஒரு வழியில் மட்டும் எழுதக்கூடியதாக இருக்கும்.

இருபது இலக்க எண்ணைக் காரணிப்படுத்துவது பொதுவாகக் கடினமான வேலை என்றாலும், இந்த எண்ணின் வடிவம் அந்த வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்துகொடுத்துவிடுகிறது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை, அவற்றின் மூலங்களைக் கூட்டியதையும் கழித்ததையும் பெருக்கிப் பெறலாம் என்பது பள்ளி வகுப்பிலேயே கற்கும் முற்றொருமை. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம் என்பதால், 2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1) ஆகிறது; இரண்டாவது காரணியும் அதே வடிவில் இருப்பதால் அதை மீண்டும் பிரிக்கலாம். இப்படி ஆறு முறை பிரித்தால், எண்ணானது 2 + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1, 2³² + 1 ஆகிய ஆறு எண்களின் பெருக்கற்பலனாக, அதாவது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 என்று வந்து நிற்கும். காகிதத்தில் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும் இந்தக் கணக்கின் முடிவில், முதல் ஐந்தும் பகா எண்கள் என்பது தெரிந்ததே. ஆறாவதான 4294967297 பகா எண்தானா என்பதுதான் கேள்வி.

இதே கேள்வி 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. துலூஸ் நகரில் சட்டத்துறைப் பதவி வகித்துக்கொண்டே கணிதத்தில் ஈடுபட்ட பியேர் த ஃபெர்மா, 1640-இல் எழுதிய கடிதங்களில், 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எண்களை வைத்து ஒன்றைக் கூட்டினால் கிடைப்பவை எல்லாம் பகா எண்களே என்று தாம் நம்புவதாகத் தெரிவித்தார். அவை இன்று ஃபெர்மா எண்கள் எனப்படுகின்றன. சுழியத்திலிருந்து வரிசை எண் இடும் வழக்கப்படி 3 சுழிய ஃபெர்மா எண், 5 முதலாவது, 65537 நான்காவது, 4294967297 ஐந்தாவது. ஆக, இங்கு எடுத்துக்கொண்ட எண், சுழியம் முதல் ஐந்து வரையிலான ஃபெர்மா எண்கள் அனைத்தையும் பெருக்கினால் கிடைப்பது. ஃபெர்மாவின் நம்பிக்கை சரியாக இருந்திருந்தால், இது ஆறு பகா எண்களின் பெருக்கற்பலனாக, எல்லாப் பண்புகளும் 2-இன் அடுக்குகளாகவே அமைந்த, ஒழுங்கு குலையாத எண்ணாக இருந்திருக்கும்.

1729 டிசம்பர் 1 அன்று கிறிஸ்டியான் கோல்ட்பாக், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் லியோனார்டு ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் ஃபெர்மாவின் இந்தக் கூற்றைக் குறிப்பிட்டு, அதைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். ஆய்லர் 1732-இல் ஒரு கட்டுரையில் விடையளித்தார்: 4294967297 பகா எண் அன்று; அது 641-ஆல் மீதியின்றி வகுபடுகிறது; ஈவு 6700417. அந்தக் கட்டுரையில் 641-ஐ எப்படிக் கண்டடைந்தார் என்பதை அவர் விளக்கவில்லை. பின்னர் எழுதிய கட்டுரை ஒன்றில்தான் அதன் அடிப்படையை வெளிப்படுத்தினார். அதை இங்கு சற்று விரிவாகக் காண்பது தகும். ஏனெனில், கண்மூடித்தனமாக வகுத்துப் பார்ப்பதற்கும் காரணமறிந்து தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இதைவிடத் தெளிவாக விளங்கும் இடம் எண் கோட்பாட்டில் அரிது.

ஒரு பகா எண் 4294967297-ஐ, அதாவது 2³² + 1-ஐ, வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1 ஆக, அதாவது பகா எண்ணைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும். அதன் வர்க்கமான 2⁶⁴-இன் மீதி 1 ஆகிவிடும். 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையாக எடுத்து மீதிகளைக் குறித்துக்கொண்டே போனால், மீதி 1 வந்தவுடன் பழைய மீதிகளே அதே ஒழுங்கில் திரும்ப வரத் தொடங்கும். இந்தச் சுழற்சியின் நீளம் 64-ஐ வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் 32-ஆம் இடத்தில் மீதி −1 ஆகவே இருப்பதால் நீளம் 32-ஐ வகுக்கும் எண்ணாக இருக்க முடியாது. எனவே அது சரியாக 64. பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பதை இத்தகைய சுழற்சியின் நீளம் எப்போதும் மீதியின்றி வகுக்கும் என்பது ஃபெர்மாவே கண்டறிந்த தேற்றத்திலிருந்து பெறப்படுவது. ஆகவே, தேடப்படும் பகா எண் எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும்.

இந்த ஒரு நிபந்தனை தேடலை எவ்வளவு சுருக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 64-ஆல் வகுக்க 1 மீதி வரும் எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று செல்கின்றன. இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே. நான்கு வகுத்தல்கள் மீதியில் முடிந்த பின் ஐந்தாவது வகுத்தல் மீதியின்றி முடிந்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் லூக்கா இந்த நிபந்தனையை இன்னும் இறுக்கி, 64-க்குப் பதிலாக 128-ஐ வைக்கலாம் என்று நிறுவினார். அப்போது 641 வரை எஞ்சும் பகா எண்கள் 257, 641 ஆகிய இரண்டே. இனி காணப்போகும் காரணத்தால் 257-ஐயும் வகுத்துப் பார்க்காமலே விலக்கிவிடலாம் என்பதால், சரியான கருவிகள் கையில் உள்ளவருக்குத் தேடலே இல்லை. முதல் வகுத்தலிலேயே விடை வந்துவிடும்.

இதில் வியப்புக்குரியது, இந்தச் சோதனைக்கு வேண்டிய தேற்றம் ஃபெர்மாவிடமே இருந்தது என்பதுதான். அதே 1640-ஆம் ஆண்டில், 2³⁷ − 1 என்னும் எண்ணின் பகாக் காரணிகளை 74-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று இதே முறையில் அறிந்து, 223 அதன் காரணி என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அங்கு வெற்றியுடன் கையாண்ட முறையை 2³² + 1-க்கும் முழுமையாகச் செலுத்தியிருந்தால் ஐந்தாவது வகுத்தலில் 641 அவர் கைக்கு வந்திருக்கும். அவர் அதைச் செய்தாரா, செய்தபோது கூட்டல் கழித்தலில் தவறினாரா என்பதைச் சொல்லக் குறிப்புகள் இல்லை. ஆனால் கணிதத்தில் அழகிய ஒழுங்கின்மேல் வைக்கும் நம்பிக்கை நிறுவலுக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

641 உண்மையிலேயே வகுக்கிறதா என்பதை நீண்ட வகுத்தல் செய்யாமலே சரிபார்க்க ஒரு நேர்த்தியான வழி உண்டு. 641 = 640 + 1; 640 என்பது 5 × 128; 128 என்பது 2⁷; ஆகவே 641 = 5 × 2⁷ + 1. மற்றொரு புறம், 641 = 625 + 16; அதாவது 641 = 5⁴ + 2⁴. முதல் சமன்பாட்டின்படி 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு. எனவே 641-ஆல் வகுக்கும்போது அதன் மீதி −1 எனலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 ஆகும். அதாவது 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் சமன்பாட்டின்படி 5⁴-இன் மீதி −2⁴. அதை 5⁴ இருந்த இடத்தில் வைத்தால் −2⁴ × 2²⁸, அதாவது −2³², மீதி 1 தருகிறது. ஆகவே 2³²-இன் மீதி −1. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் மீதி சுழியம். பத்து இலக்க எண்ணைத் தொடாமலேயே அது 641-ஆல் வகுபடுவது நிறுவப்பட்டுவிட்டது.

ஈவான 6700417 மேலும் உடையுமா என்பது அடுத்த கேள்வி. ஓர் எண் பகு எண்ணானால், அதன் வர்க்கமூலத்துக்கு மிகாத பகாக் காரணி ஒன்றேனும் அதற்கு இருக்க வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588. அந்தக் காரணி 4294967297-ஐயும் வகுக்கும் என்பதால் லூக்காவின் நிபந்தனை இதற்கும் பொருந்தும்; அந்த எல்லைக்குள் 128-ஆல் வகுக்க 1 மீதி வரும் எண்கள் இருபது. அவற்றுள் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. 6700417-ஐ இவற்றால் வகுத்தால் முறையே 170, 44, 120, 334, 622 மீதி வருகின்றன. எதிலும் சுழியம் இல்லை. எனவே 6700417 பகா எண். ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்பதை ஐந்தே வகுத்தல்களில் முடிவு செய்ய முடிகிறது. இவ்வாறு 18446744073709551615 என்பது 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417 என்று ஏழு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலனாக முழுமையாகப் பிரிகிறது.

4294967297 பகு எண் என்பதை வகுத்தலே இல்லாமல் காட்டும் இன்னொரு வழியும் உண்டு. அதுவும் ஆய்லரின் கொடையே. 4-ஆல் வகுக்க 1 மீதி வரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே ஒரு வழியில் எழுதலாம்: 5 = 2² + 1², 17 = 4² + 1², 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². ஓர் எண்ணை அவ்வாறு இரண்டு வழிகளில் எழுத முடிந்தால் அது பகா எண்ணாக இருக்க இயலாது. 4294967297 என்பது 65536² + 1² என்பது அதன் வடிவத்திலேயே தெரிகிறது. ஆனால் அது 62264² + 20449² ஆகவும் இருக்கிறது. இந்த இரண்டாவது வரியே ஃபெர்மாவின் நம்பிக்கையை முறியடிக்கப் போதுமானது. நம் முழு எண்ணையோ இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது. அதன் ஏழு பகாக் காரணிகளில் 3 மட்டும் 4-ஆல் வகுக்க 3 மீதி தருவது அதற்குத் தடையாகிறது. 8-ஆல் வகுத்தால் அதற்கு 7 மீதி வருவதால் மூன்று வர்க்கங்களும் போதா என்று லெஜாந்தரின் தேற்றம் சொல்கிறது. எந்த இயல் எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று 1770-இல் நிறுவிய லாக்ராஞ்சின் தேற்றத்தின்படி இதற்கும் நான்கு போதும், நான்குக்குக் குறையவும் முடியாது.

641 விளைவித்த உடைவு எண்ணின் பிற பண்புகளிலும் தென்படுகிறது. ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள் உள்ள எண்ணுக்கு 2⁷, அதாவது 128 வகுத்திகள் இருக்கும். ஒவ்வொரு பகாக் காரணியையும் சேர்ப்பதா விடுவதா என்னும் ஏழு தேர்வுகளால் வருவது அந்த எண்ணிக்கை. வகுத்திகளை, பெருக்கினால் முழு எண்ணைத் தரும் இணைகளாக அடுக்கினால் 64 இணைகள் கிடைக்கும். எண் ஒற்றைப்படை என்பதால் ஒவ்வோர் இணையும் அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத ஒரு வழி தரும். ஆகவே, 64 கட்டங்களிலிருந்து பிறந்த எண்ணை வர்க்க வித்தியாசமாகச் சரியாக 64 வழிகளில் எழுதலாம். இது தற்செயலே, ஐந்தாம் ஃபெர்மா எண் உடையாதிருந்தால் வழிகள் 32 ஆகியிருக்கும். ஆனாலும் மனத்துக்கு நிறைவு தரும் தற்செயல்.

ஆய்லரின் பெயரால் வழங்கும் இன்னொரு அளவையும் இங்கு சேர்த்துக் காண வேண்டும். ஓர் எண்ணுக்கு மிகாத இயல் எண்களுள், ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி அதனோடு இல்லாதவை எத்தனை என்பதை ஆய்லர் சார்பு கணக்கிடுகிறது; எண் வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலனானால், ஒவ்வொரு பகா எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் விடை வந்துவிடும். முதல் ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலனான 4294967295-க்கு அது 2 × 4 × 16 × 256 × 65536, அதாவது மாசற்ற 2³¹. அதே ஒழுங்கு தொடர்ந்திருந்தால் 2⁶⁴ − 1-க்கு 2⁶³ வந்திருக்க வேண்டும். ஆனால் 640-உம் 6700416-உம் உள்ளே நுழைவதால் விடை 2⁴⁵ × 261735 ஆகிறது. 2¹⁸, அதாவது 262144 இருந்திருக்க வேண்டிய இடத்தில் 261735 நிற்கிறது. சிறிய குறைதான், ஆயினும் 2-இன் அடுக்குகளின் ஆட்சி அங்கு முடிவுக்கு வந்துவிடுகிறது.

அந்த ஆட்சி வடிவியலிலும் செல்லுபடியாகிறது என்று கண்டவர் கார்ல் பிரெடெரிக் காஸ். 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிறைவதற்குள், அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு ஒழுங்கு 17-கோணத்தை வரைய முடியும் என்று அவர் கண்டறிந்தார்; 1801-இல் வெளியான தம் நூலில், பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ, அத்துடன் 2-இன் அடுக்கைச் சேர்த்துப் பெருக்கியதாகவோ இருந்தால் அந்தப் பலகோணத்தை வரையலாம் என்று பொதுமைப்படுத்தினார். பக்க எண்ணிக்கை வெறும் 2-இன் அடுக்காக உள்ளவற்றைத் தவிர வேறு எவற்றையும் வரைய முடியாது என்னும் மறுபாதிக்கு 1837-இல் பியேர் வான்ட்செல் நிறுவல் தந்தார். அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே என்பதால், வரையத்தக்க ஒற்றைப்படைப் பலகோணங்களின் பக்க எண்ணிக்கைகள் 4294967295-இன் வகுத்திகளாகவே இருக்கின்றன. அவ்வெண்ணின் 32 வகுத்திகளில் ஒன்றை நீக்கினால் 31 பலகோணங்கள்: 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று தொடங்கி 4294967295 வரை. யோகான் ஹெர்மஸ் என்னும் ஜெர்மானியர் 65537 பக்கங்கள் கொண்ட பலகோணத்தின் வரைமுறையைப் பத்தாண்டு உழைப்பில் 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப்படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 641 பக்கங்களுக்கோ 6700417 பக்கங்களுக்கோ அத்தகைய வரைமுறை இருக்க முடியாது.

இந்த வகுத்திகளின் வரிசை, எதிர்பாராத இன்னோர் இடத்திலும் தோன்றுகிறது. ஒவ்வோர் எண்ணும் தனக்கு மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாக அமையும் முக்கோண அடுக்கைப் பள்ளி நூல்கள் பாஸ்கல் முக்கோணம் என்கின்றன. பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஹலாயுதர் பிங்கலரின் யாப்பு நூலுக்கு எழுதிய உரையில் அது மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கப்பட்டுள்ளது. அதில் ஒற்றைப்படை எண் உள்ள இடத்தில் 1-உம் இரட்டைப்படை எண் உள்ள இடத்தில் 0-உம் இட்டால், வரிசைகள் 1, 11, 101, 1111, 10001, 110011 என்று வரும். இவற்றை, 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களால் மட்டும் எண்களை எழுதும் இருநிலை முறையில் படித்தால் 1, 3, 5, 15, 17, 51 என்று அதே வகுத்திகள், அதே ஒழுங்கில். முதல் 32 வரிசைகளும் 4294967295-இன் 32 வகுத்திகளை ஒன்றுவிடாமல் தந்துவிடுகின்றன. 33-ஆவது வரிசை 4294967297-ஐத் தருகிறது. 64-ஆவது வரிசையில் எல்லா இடங்களிலும் 1 நிற்கிறது. இருநிலை முறையில் அறுபத்து நான்கு ஒன்றுகளாக எழுதப்படும் அந்த வரிசைதான் 18446744073709551615.

கணினிக்கு இந்த எண் அன்றாடப் பழக்கம். 64 பிட் கொண்ட ஓர் இடத்தில் குறியின்றி எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுவே. சதுரங்கம் ஆடும் கணினி நிரல்கள் பலவும் பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பிட் என ஒதுக்கி, காய் இருந்தால் 1, இல்லையெனில் 0 என்று குறிக்கின்றன. 64 கட்டங்களும் நிறைந்த பலகையைக் குறிக்கும் எண் முன்னர் கண்ட தானியக் கணக்கேதான். இதன் காரணிகளுள் 65537-க்கு இணையப் பாதுகாப்பில் தனி இடம் உண்டு: ஆர்.எஸ்.ஏ. என்னும் மறையாக்க முறையில் பொதுத் திறவுகோலின் அடுக்காகப் பெரிதும் பயன்படுவது இந்தப் பகா எண்ணே. இருநிலை முறையில் அதில் இரண்டே ஒன்றுகள் இருப்பதால், ஓர் எண்ணை 65537-ஆம் அடுக்குக்கு உயர்த்தப் பதினாறு முறை வர்க்கமாக்கி ஒரு முறை பெருக்கினால் போதும்.

இந்த எண்ணோடு இரண்டைக் கூட்டினால் ஆறாம் ஃபெர்மா எண்ணான 2⁶⁴ + 1 வரும் என்பது மற்றொரு முக்கியமான உண்மைக்கு வழி திறக்கிறது. ஆறாம் ஃபெர்மா எண்ணுக்கும் அதற்கு முந்தைய ஏதேனும் ஒரு ஃபெர்மா எண்ணுக்கும் பொதுக் காரணி இருந்தால், அது 2⁶⁴ + 1-ஐயும் 2⁶⁴ − 1-ஐயும் வகுக்கும். எனவே அவற்றின் வித்தியாசமான 2-ஐயும் வகுக்க வேண்டும். இரண்டும் ஒற்றைப்படை என்பதால் அது இயலாது. இதே வாதம் எல்லா ஃபெர்மா எண்களுக்கும் பொருந்துவதால், எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை. மூன்றாம் ஃபெர்மா எண்ணாகிய 257, ஐந்தாவதை வகுக்காது என்று முன்னர் விலக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் மற்றவற்றில் இல்லாத ஒரு பகாக் காரணியையேனும் கொண்டுவருகிறது என்பதால், பகா எண்கள் முடிவற்றவை என்பதற்கும் இதுவே ஒரு நிறுவலாகிவிடுகிறது.

2⁶⁴ + 1-உம் பகு எண்ணே. தாமஸ் கிளாசன் 1855-இலும், அதை அறியாமல் ஃபோர்த்துனே லாந்திரி என்னும் முதியவர் 1880-இலும் அதை 274177 × 67280421310721 என்று பிரித்தனர். கணினி இல்லாத காலத்தில் அது அருஞ்செயல். ஐந்தாவது முதல் 32-ஆவது வரையிலான ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்களே என்று இன்று அறியப்பட்டுள்ளது. அவற்றுள்ளும் ஐந்து முதல் பதினொன்று வரையுள்ளவை மட்டுமே முழுமையாகக் காரணிப்படுத்தப்பட்டுள்ளன. 33-ஆவது பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்னும் முடிவாகவில்லை. 65537-க்கு மேல் ஒரு ஃபெர்மா பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. இனி ஒன்றும் இல்லை என்று எவரும் நிறுவவும் இல்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடத்தில் ஒருங்கிசைவு என்ற தலைப்பில், மீதிகளைக் கொண்டு கணக்கிடும் முறை இடம்பெற்றிருக்கிறது. 641 பற்றிய மேற்கண்ட நிறுவலுக்கு அந்தப் பாடத்தில் உள்ளதைத் தவிர வேறு எந்த அறிவும் தேவையில்லை. கரும்பலகையில் ஆறு வரிகளுக்கு மேல் அது நீளாது. கணித ஆசிரியர்கள் அந்தப் பாடத்தை நடத்தும் நாளில் இதையும் எழுதிக் காட்டி, 6700417-க்கான ஐந்து வகுத்தல்களை மாணவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.